இலை வெளுக்குது, தண்டு நீளுது, மொட்டே வரல: மாடித்தோட்டத்தில் வெளிச்சக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒரு கை வைத்தியம் உண்டு. இலை நிறம் மாறினால் ஒரு குடம் தண்ணீர். அதற்கும் சரியாகாவிட்டால் பஞ்சகவ்யா. அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய்க் கரைசல். நானும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் மருந்தடித்த பல 'நோய்கள்' நோயே இல்லை, வெளிச்சம் மாறியதற்குச் செடி தானாகச் செய்துகொண்ட ஏற்பாடு என்று புரிய நாலைந்து வருடமும் பத்துப் பதினைந்து தொட்டிகளும் செலவாயின.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் செடிக்குப் பொருந்துவதற்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று: இந்தச் செடிக்குக் கிடைக்கும் வெளிச்சம் கடைசியாக எப்போது மாறியது? தொட்டியை நகர்த்தியது மட்டும் கணக்கில்லை. பக்கத்து மனையில் மூன்றாவது மாடி எழும்பியது, எதிர்வீட்டு வேப்ப மரத்தை வெட்டியது, பருவம் மாறியது எல்லாம் கணக்குதான்.

இரண்டு: பாதிக்கப்பட்டது அந்த மாற்றத்துக்கு முன்பே விரிந்திருந்த இலையா, பிறகு வந்த இலையா?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். வெளிச்சம் மாறினால் செடி மூன்று வேகத்தில் சமாளிக்கும். நொடிகளிலும் நிமிடங்களிலும் நடப்பவை: மிஞ்சிய ஒளியை வெப்பமாக்கி வெளியே தள்ளுவது, இலையைத் திருப்புவது, இலைக்குள் பச்சையத் துகள்களை இடம் மாற்றுவது. நாட்கணக்கில் நடப்பது: பச்சையத்தைக் குறைப்பது, கூட்டுவது, காப்பு நிறமிகளைச் சேர்ப்பது. வாரக்கணக்கில் நடப்பது: புதிய வெளிச்சத்துக்கு ஏற்ற புது இலை விடுவது. வெயிலில் விரியும் இலை சிறியது, தடித்தது, மேல்தோலுக்குக் கீழே செல் அடுக்குகள் நெருக்கமானவை. நிழலில் விரியும் இலை அகலம், மெலிது, கரும்பச்சை. விரிந்து முடிந்த இலையின் தடிமனைப் பிறகு பெரிதாக மாற்ற முடியாது. நிழல் இலையை வெயிலில் வைப்பது பட்டுப்புடவையோடு களை பறிக்க அனுப்புவது மாதிரி. அங்கேயே போய் உடை மாற்றிக்கொள்ள வழியில்லை.

அளவெடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கண்ணை நம்பாதீர்கள். கண்பாப்பா சுருங்கி விரிந்து எல்லா இடத்தையும் 'நல்ல வெளிச்சம்' என்றே காட்டும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய பகல் 10,000 லக்ஸ் பக்கம். நமக்குப் பளிச்சென்று தெரிகிற ஹாலின் நடுப்பகுதியில் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். போனில் லக்ஸ் அளக்கும் செயலி இருக்கிறது, தோராயத்துக்குப் போதும். அதுவும் வேண்டாமென்றால் நண்பகலில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் நேர் வெயில். கை என்று தெரிந்து ஓரம் மங்கினால் வெளிச்சமான நிழல். நிழலே விழவில்லை என்றால் அந்த இடத்தில் காய்கறி கனவுதான்.

"நர்சரியில் பளபளன்னு இருந்தது, மாடியில வச்ச மூணாம் நாள் வெள்ளை வெள்ளையா திட்டு"

அதிகம் கேட்கப்படும் புகார் இது. என் கதையையே சொல்கிறேன். ஊரிலிருந்து பதியம் போட்டுக் கொண்டுவந்த வெற்றிலைக் கொடி. பழைய வீட்டுக் கிணற்றடி நிழலில் வளர்ந்தது, ஒவ்வொரு இலையும் உள்ளங்கை அகலம். மாடியில் தெற்குக் கைப்பிடிச் சுவரோரம் வைத்தேன். மூன்றாம் நாள் மேலே இருந்த இலைகளில் வைக்கோல் நிறத்தில் காகிதம் மாதிரி திட்டுகள். பூஞ்சை என்று முடிவுகட்டி மருந்து கலக்கப் போனவன், ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தபோது நின்றுவிட்டேன். வெளுத்த இலையின் நடுவில் இதய வடிவில் ஒரு பச்சைத் திட்டு. அதன்மேல் ஒட்டிப் படிந்திருந்த இன்னொரு வெற்றிலையின் அச்சு அது. மேலிலை மறைத்த இடம் மட்டும் தப்பித்திருந்தது. பூஞ்சைக்கு இப்படி நிழல் பார்த்து ஒதுங்கத் தெரியாது.

சோதனை அவ்வளவுதான். வெயில் பட்ட முகத்தில் மட்டும் வெளுப்பு, இன்னொரு இலையோ காம்போ மறைத்த இடத்தில் பச்சை என்றால் அது வெயில் சூடு. நரம்புகள் பச்சையாக நின்று இடையில் மஞ்சள் ஓடினால் சத்துக் குறை: கொழுந்து இலையில் என்றால் இரும்பு, அடி இலையில் என்றால் மக்னீசியம். ஊசி குத்திய மாதிரி நுண்புள்ளிகள், அடிப்பக்கம் மெல்லிய வலை என்றால் சிலந்திப்பேன். நுனியும் ஓரமும் மட்டும் கருகினால் உப்பு அல்லது தண்ணீர்ப் பிரச்சினை.

உள்ளே என்ன நடக்கிறது? இலை தன்னால் செலவழிக்க முடிகிற அளவை விட அதிக ஒளியைப் பிடித்துவிடுகிறது. முதல் காப்பு, மிச்சத்தை வெப்பமாக மாற்றிக் கழிப்பது. வயலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி சில நிமிடங்களில் சியாசாந்தினாக மாறி இதற்குக் கை கொடுக்கிறது. வெயில் தாழ்ந்தால் திரும்பப் பழைய வடிவம். நிழல் இலையில் இந்தச் சரக்கு குறைவு. அடுத்தது, ஒளியைப் பிடிக்கும் இயந்திரத்தின் நடுவில் இருக்கும் டி1 என்ற புரதம். வெளிச்சத்தில் அது உடைந்துகொண்டே இருக்கும், செடியும் அதைக் கழற்றிப் புதிது மாட்டிக்கொண்டே இருக்கும். நல்ல செடியிலும் தினமும் நடப்பதுதான். உடையும் வேகம் மாட்டும் வேகத்தைத் தாண்டும்போது வேலை மந்தமாகிறது. அதுவும் நீடித்தால் பச்சையமே எரிந்து வெளுக்கிறது. முதல் கட்டத்தில் நிழலுக்கு எடுத்துவிட்டால் சில நாளில் தேறும். வெள்ளைத் திட்டு விழுந்த பிறகு அந்த இடம் தேறாது.

செய்ய வேண்டியது:

தொட்டியை உடனே வெளிச்சமான நிழலுக்குக் கொண்டு போங்கள். திட்டு விழுந்த இலைகளைக் கிள்ளாதீர்கள். மீதிப் பச்சை இன்னும் சமைத்துக்கொண்டிருக்கிறது, கீழ் இலைக்குக் குடையாகவும் இருக்கிறது. உரம் வேண்டாம். மூன்று நான்கு நாள் கழித்து காலை எட்டு மணி வரை ஒரு மணி நேர வெயில். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் கூட்டுங்கள். மொத்தம் இரண்டிலிருந்து மூன்று வாரம் ஆகும். புது இலை சின்னதாக, கெட்டியாக வந்தால் செடி இடத்தை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். நகர்த்த முடியாத பெரிய தொட்டி என்றால் 75 சதவீத நிழல்வலையில் தொடங்கி 50க்கு வந்து பிறகு எடுத்துவிடலாம். நர்சரியில் செடி வாங்கும்போதே தலைக்கு மேல் பச்சை வலை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். இருந்தால் அது வெயில் பார்க்காத பிள்ளை.

எல்லாச் செடியும் கடைசி வரை பழகிவிடாது. என் வெற்றிலை பழகவில்லை. அது தப்பும் இல்லை. கொடிக்கால் போடுகிறவர்கள் முதலில் அகத்தியை விதைத்து, அது வளர்ந்த பிறகுதானே வெற்றிலையை ஏற்றுகிறார்கள். கொழுகொம்பும் அதுதான், குடையும் அதுதான். நான் படித்த புத்தகங்களை விட அந்த வரிசைக்கு விவரம் அதிகம்.

இடையில் ஒரு சந்தேகம்: "மத்தியானம் இலையில தண்ணி தெளிச்சா சொட்டு பூதக்கண்ணாடி மாதிரி எரிச்சிடும்" என்பார்கள். வழவழப்பான இலையில் சொட்டு தட்டையாகப் படிந்துவிடும், அதனால் ஒளி இலைமேல் குவிவதில்லை. 2010இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்துச் சொன்னது இது. மயிர் அடர்ந்த இலையில் சொட்டு உயரத்தில் தொங்கி நிற்கும்போது மட்டும் எரிய வாய்ப்புண்டு. உங்கள் செம்பருத்தி வெளுத்ததற்குக் குற்றவாளி பூவாளி இல்லை.

"தொட்டியை நகர்த்தவே இல்லை, ஆனாலும் கருகிடுச்சு"

நீங்கள் நகர்த்தவில்லை, சூரியன் நகர்ந்தது.

சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரமே இது தொடங்கிவிடும். 'வடக்குப் பார்த்த பால்கனி, வெயிலே வராது' என்று மார்கழியில் பார்த்துவிட்டு நிழல் செடிகளை அடுக்கியவர்கள் அக்னி நட்சத்திரத்தில் அழுவது இதனால்தான். தெற்குப் பால்கனிக்கு நேர்மாறு. டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கே 53 டிகிரி உயரம் வரைதான் ஏறும், வெயில் சாய்ந்து உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கைப்பிடிச் சுவரை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். மூன்றடிச் சுவரின் நண்பகல் நிழல் டிசம்பரில் வடக்கே இரண்டடிக்கு மேல் நீளும். ஜூனில் தெற்கே அரை அடிதான். டிசம்பர் நிழலை நம்பித் தெற்குச் சுவரோரம் வைத்த தொட்டிக்கு ஜூனில் குடையே கிடையாது.

இன்னொன்று, மாடித் தரையில் வெப்பம் தணிக்க வெள்ளைப் பூச்சு அடித்தீர்களா? வீட்டுக்கு நல்லது. செடிக்குக் கீழிருந்தும் ஒளி அடிக்கும். தொட்டிக்கு அடியில் ஒரு பழைய சாக்கை விரித்துவிடுங்கள்.

"மத்தியானம் தொங்குது, சாயங்காலம் நிமிருது"

தண்ணீர்க் குடத்தைக் கீழே வையுங்கள். முதலில் இலையைத் தொடுங்கள்.

அவரை, தட்டைப்பயறு போன்றவற்றில் இலைக்காம்பு சேரும் இடத்தில் சின்ன வீக்கம் மாதிரி ஒரு கணுவைப் பார்க்கலாம். அதிலுள்ள செல்களில் நீரழுத்தம் கூடிக் குறைவதால் இலை திரும்புகிறது. உச்சி வெயிலில் அது இலையின் முகத்தை வெயிலுக்குக் காட்டாமல் விளிம்பைக் காட்டும். பார்க்கச் சோர்ந்த மாதிரி இருக்கும், தொட்டால் விறைப்பாக இருக்கும். தூங்குமூஞ்சி மரமும் புளியும் சாயங்காலம் இலை மூடுவதும் இதே கணுவின் வேலைதான்.

தொட்டால் துணி மாதிரி துவண்டால் விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விடுங்கள். காய்ந்திருந்தால் தாகம். ஈரமிருந்தும் பீர்க்கு, பூசணி மாதிரி அகல இலைகள் துவண்டால், வேர் இழுப்பதை விட இலை வேகமாக ஆவியாக்குகிறது, மாலையில் சரியாகிவிடும். ஈர மண்ணில் திரும்பத் திரும்ப ஊற்றி நான் வேரழுகலில் இழந்த பீர்க்கங்கொடிகளின் எண்ணிக்கையைச் சொல்ல விருப்பமில்லை.

"காலையில கரும்பச்சை, மத்தியானம் வெளிர்பச்சை"

கோளாறு இல்லை. இலைக்குள் நடக்கும் வேடிக்கை. நம்பாதவர்கள் செய்து பார்க்கலாம்.

நிழலில் வளர்ந்த, மெல்லிய இலையுள்ள ஒரு செடியை எடுங்கள். விரல் அகலத்தில் ஒரு துண்டு கருப்புக் காகிதத்தை இலையின் குறுக்கே வைத்து, கிளிப்பால் இறுக்காமல் பிடியுங்கள். காலை பத்து மணி வாக்கில் ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள் (அதற்கு மேல் வைத்தால் முதல் அறிகுறிக்குப் போய்விடுவீர்கள்). காகிதத்தை எடுத்தால் மறைந்திருந்த பட்டை மற்ற இடத்தை விடச் சற்று அடர்ந்த பச்சையாகத் தெரியும். மெல்லிய வித்தியாசம்தான், சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். நிழலில் வைத்துக் கொஞ்ச நேரம் பொறுத்தால் வித்தியாசம் கரைந்துவிடும்.

பச்சையம் எங்கேயும் போகவில்லை. செல்லுக்குள் பச்சையத் துகள்கள் நாணயங்கள் மாதிரி தட்டையானவை. மங்கிய ஒளியில் அவை செல்லின் மேல் பரப்பில் மல்லாந்து பரவி கிடைக்கிற ஒளியையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஒளி உக்கிரமானால் ஓரச் சுவர்களுக்கு ஒதுங்கி ஒன்றன் பின் ஒன்றாக நின்றுகொள்ளும். நடுவில் வழி விட்டதால் ஒளி ஊடுருவிப் போய்விடுகிறது, இலை வெளிறித் தெரிகிறது. கட்டளை கொடுப்பது நீல ஒளி, அதை உணர்வது ஃபோட்டோட்ராபின் என்ற புரதம். பேருந்து நிறுத்தத்தில் வெயில் ஏற ஏற ஒற்றைக் கம்பத்தின் நிழலில் வரிசையாக நிற்போமே, அதேதான்.

ஆனால் வெளிர்ப்பு மாலையிலும் மாறாமல், நாட்கணக்கில் இலை முழுக்க ஒரே சீராக மஞ்சள் கலந்த பச்சையாக நின்றால் அது இரண்டாவது வேகம்: செடி பச்சையத்தையே குறைத்துக்கொண்டுவிட்டது. மணிபிளாண்ட், ஆந்தூரியம் மாதிரி செடிகளில் சாதாரணம். யூரியா போட்டால் தீராது, அரை நிழலுக்கு மாற்றினால் தீரும்.

மேகம் வந்து வந்து போகும் நாட்களில் இந்தக் காப்பு ஏற்பாடுகளுக்கு ஒரு விலை உண்டு. வெயில் மறைந்த பிறகும் செடி சில நிமிடங்கள் ஒளியை வெப்பமாகக் கழித்துக்கொண்டே இருக்கும். குடையை மடக்க மறந்த ஆள் மாதிரி. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2016இல் புகையிலைச் செடியின் மரபணுக்களில் கைவைத்து இந்தக் குடையை வேகமாக மடக்க வைத்தார்கள். வயலில் சுமார் 15 சதவீதம் கூடுதலாக வளர்ந்தது. நம் மாடிக்கு இப்போதைக்கு உதவாது. ஆனால் சில நிமிடத் தாமதத்தின் விலை எவ்வளவு என்று தெரிகிறதல்லவா?

"நாத்து ஒல்லி ஒல்லியா நீண்டு சாயுது"

முளைப்பாரி பார்த்திருப்பீர்கள். இருட்டறையில் வளர்ந்த பயிர் வெளிர் மஞ்சளாக, நீளமாக, குளிர்ந்து நிற்கும். சாமிக்கு அழகு. தக்காளி நாற்றுக்கு ஆகாது. இருட்டில் முளைத்த செடி, 'இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறேன்' என்று நினைத்து, விதையில் இருந்த சேமிப்பையெல்லாம் தண்டை நீட்டுவதில் போட்டுவிடுகிறது. பச்சையத்துக்குச் செலவழிப்பதில்லை.

நீண்ட நாற்றுக்குக் காரணம் இரண்டு, இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

நாற்று தட்டு முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து, வெளிறி இருந்தால்: வெளிச்சமே போதவில்லை. ஜன்னலோரத்தில் முளைக்க வைத்திருப்பீர்கள். முளை எட்டிப் பார்த்த அன்றைக்கே தட்டை வெளியே காலை வெயிலுக்குக் கொண்டு போயிருக்க வேண்டும். முளையிலிருந்தே வெளியில் வளர்ந்தால் முதல் அறிகுறியின் பயம் இல்லை, அதன் முதல் இலையே வெயில் இலை.

வெயிலில்தான் இருக்கிறது, நிறமும் பச்சைதான், ஆனாலும் நீள்கிறது என்றால்: நெரிசல். இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு அடுத்து, நம் கண்ணுக்கு விளிம்பில் மட்டும் எட்டும் தொலைசிவப்பை அப்படியே விட்டுவிடும். வெட்டவெளியில் சிவப்பும் தொலைசிவப்பும் கிட்டத்தட்ட சமம், சிவப்பு கொஞ்சம் தூக்கல். அடர்ந்த இலைக்கூட்டத்தின் கீழே சிவப்பு, தொலைசிவப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இந்த விகிதத்தைத்தான் படிக்கிறது. பக்கத்துச் செடியின் இலையில் பட்டுத் திரும்பும் தொலைசிவப்பே போதும். நிழல் இன்னும் விழவில்லை, அதற்குள் 'ஆள் வந்துட்டான்' என்று செடிக்குத் தெரிந்துவிடும். உடனே கிளை விடுவதை நிறுத்தி, போட்டிக்கு உயரத் தொடங்குகிறது. பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டும்போதே நாம் மொட்டை மாடியில் இன்னொரு அறை எழுப்பினால் எப்படியோ அப்படி.

ஆகவே கீரை விதையைக் கைநிறைய வாரித் தூவாதீர்கள். மணலோடு கலந்து தூவுங்கள். முளைத்தபின் களைந்து, களைந்ததைக் கூட்டுக்குப் போட்டுவிடலாம், நஷ்டமில்லை. தழைச்சத்து கொடுக்காதீர்கள், இன்னும் நீளும். ஏற்கெனவே நீண்ட தக்காளி நாற்றை வித்திலை வரை மண்ணுக்குள் இறக்கி நடலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். நாற்றுகளின் தலையைத் தினமும் சில முறை உள்ளங்கையால் மெதுவாக வருடிவிட்டால் தண்டு குட்டையாகத் தடிக்கும். காற்றடிப்பதாக எண்ணிக்கொள்ளும் போல. பேத்தியோ மகளோ இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள், மறக்காமல் செய்வார்கள்.

"புதுத் துளிர் செக்கச்செவேல்னு வருது, நோயா?"

இல்லை. மாந்தளிர் மேனி என்று வர்ணித்துக்கொண்டிருந்த நாம் இதைக் கேட்கலாமா? மா, அரசு ஆகியவற்றின் தளிரில் ஒளிச்சேர்க்கைக் கூடம் இன்னும் கட்டி முடியவில்லை. அதுவரை அந்தோசயனின் என்ற செந்நிறமி திரைச்சீலையாக நிற்கிறது. இலை முதிர்ந்ததும் திரை விலகும். விட்டுவிடுங்கள்.

"குரோட்டன்ஸ் நிறம் போயிடுச்சு"

நிழலில் வைத்திருக்கிறீர்கள். சிவப்பும் மஞ்சளும் வெயில் இருந்தால்தான் திரளும். படிப்படியாக வெயிலுக்குக் கொண்டு வாருங்கள், நிறம் புது இலைகளில் வரும். வெள்ளை கலந்த மணிபிளாண்டில் ஒரு கிளை மட்டும் முழுப் பச்சையாக வந்தால் அது வேறு கதை: பச்சைக் கிளைக்குச் சம்பாத்தியம் அதிகம், விட்டால் கொடி முழுக்க அதுவாகிவிடும். அந்தக் கிளையைக் கணுவோடு வெட்டுங்கள்.

"வெயில்ல நல்லா இருந்தது, வீட்டுக்குள்ள கொண்டுவந்தா இலை கொட்டுது"

இது தலைகீழ் மாற்றம். தொங்கும் இலை ஃபைகஸில் ரொம்பப் பிரசித்தம். வெயிலுக்கென்று கட்டிய தடித்த இலைக்குப் பராமரிப்புச் செலவு அதிகம். ஹாலின் சில நூறு லக்ஸில் அந்த இலை தன் செலவுக்கே சம்பாதிப்பதில்லை. நஷ்டத்தில் ஓடும் கிளையைச் செடி மூடுகிறது, அவ்வளவுதான்.

பயந்துபோய்த் தண்ணீரைக் கூட்டுவதுதான் செடியைக் கொல்லும். இலையும் குறைந்து வெயிலும் குறைந்தால் குடிக்கும் தண்ணீரும் பாதியாகும். மேல் மண் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கள். ஜன்னலை ஒட்டி வையுங்கள், வாரம் ஒருமுறை இடம் மாற்றாதீர்கள். மெலிந்த, அகலமான புது இலை வரும். அதன்பின் அதை மறுபடி வெயிலில் வைத்துச் சோதிக்க வேண்டாம். 'வாரக் கடைசியில் கொஞ்சம் வெயில் காட்டலாம்' என்பது நல்லெண்ணம்தான், செடிக்கு அது தண்டனை.

பூகன்வில்லா, கறிவேப்பிலை, மல்லிகை இவற்றை உள்ளே கொண்டுவர எந்த உபாயமும் எனக்கு வேலை செய்யவில்லை. அவை வெயில் ஜாதி.

"சாமந்தி தழைஞ்சு தழைஞ்சு போகுது, மொட்டே இல்லை"

என் மாடிப்படிக்குக் கீழே ஆறு சாமந்தித் தொட்டிகள். கார்த்திகையில் நான்கு பூத்தன, கேட்டோரத்து இரண்டு மட்டும் புதராக மண்டின. அதே பதியம், அதே மண்கலவை. எலும்புத்தூள், வாழைப்பழத் தோல் கரைசல் என்று அந்த இரண்டுக்கும் சீராட்டு நடந்தது. ஒரு ராத்திரி பால் பாத்திரம் வைக்கப் போனபோதுதான் கவனித்தேன்: தெருவிளக்கின் வெளிச்சம் சரியாக அந்த இரண்டு தொட்டிகள் மேல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

சாமந்திக்கு இரவு நீளமாக, அறுபடாமல் இருக்க வேண்டும். நாள் நீளத்தைப் பார்த்துச் சில செடிகள் பூக்கின்றன என்று 1920இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் என்ற இருவர் எழுதினார்கள். பகல் நீளத்தை விட இரவு நீளம்தான் கணக்கு, நடுவில் கொஞ்ச நேரம் விளக்கு எரிந்தாலே இரவு இரண்டாக உடைந்துவிடும் என்பது பிறகு தெளிவானது. இங்கேயும் காவலாளி அதே ஃபைட்டோகுரோம்தான். நமக்குப் புத்தகம் படிக்கவே போதாத வெளிச்சம் அதற்குப் போதும். பூ வியாபாரத்துக்காகச் சாமந்தி வளர்ப்பவர்கள் இதைத் திருப்பிப் போட்டு, வேண்டிய தேதி வரை ராத்திரி பல்பு எரியவிட்டுப் பூப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

சோதனை சுலபம். இரவு பத்து மணிக்குச் செடிக்குப் பக்கத்தில் நின்று, இலைக்கு நிழல் விழுகிறதா பாருங்கள். விழுந்தால், தொட்டியை இருட்டான பக்கத்துக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலை ஏழுக்கு எடுங்கள். ஒரு நாள் விடாமல் செய்ய வேண்டும். மொட்டு நிறம் காட்டும் வரை தொடருங்கள், ரகத்தைப் பொறுத்துப் பல வாரம் ஆகும். என் இரண்டு தொட்டிகளும் தை பிறந்த பிறகு பூத்தன. கிறிஸ்துமஸ் சிவப்புச் செடி என்று விற்கிறார்களே, பாயின்செட்டியா, அது அடுத்த வருடம் சிவக்க மறுப்பதற்கும் இதே காரணம், இதே பெட்டி.

"அடைமழை விட்ட மறுநாள் வெயிலில் செடியெல்லாம் வாடி, சில இலை வெந்துபோச்சு"

ஐப்பசி கார்த்திகையில் ஒரு வாரம் வானம் மூடியே கிடந்தால் வெயில் செடிகளும் காப்பு நிறமிகளைக் குறைத்துக்கொள்ளும். அந்த வாரத்தில் விரிந்த இலைகள் நிழல் இலைகள் மாதிரியே இருக்கும். மழை விட்டதும் 10,000 லக்ஸிலிருந்து 1,00,000. முதல் இரண்டு மூன்று நாள் மத்தியானத்தில் மட்டும் ஒரு பழைய வேட்டியைப் பந்தலில் விரித்துவிடுங்கள். ஊறிய மண்ணுக்கு மேலும் தண்ணீர் வேண்டாம். மூச்சு முட்டிய வேர், மண் கொஞ்சம் உலர்ந்தால்தான் இழுக்கும்.

"தொட்டிக்குப் பின்னால் சுவரில் துரு மாதிரி ஆரஞ்சுப் படலம்"

இரும்பு எதுவும் இல்லை. பெரும்பாலும் டிரென்டிபோலியா என்ற பாசி. வகைப்படி அது பச்சைப் பாசி. ஆனால் வெட்டவெளிச் சுவரில் வெயிலைத் தாங்கக் கேரட்டில் இருக்கும் ரக நிறமியைச் செல்லுக்குள் அவ்வளவு சேர்த்துக்கொள்கிறது, பச்சை வெளியே தெரிவதே இல்லை. 2001இல் கேரளத்தில் சிவப்பு மழை பெய்தது என்று ஊரே பரபரத்ததே, அதற்குக் காரணம் இந்தப் பாசி இனத்தின் வித்துகள்தான் என்று ஆய்வில் சொன்னார்கள். செடிக்கு இதனால் ஒன்றும் ஆகாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற அன்றைக்குத் தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி தலைகாட்டும்.